பதரும் மணியும்: டெக் மென்பொருளின் திரைச் செய்திகளை எதுவரை குறைக்கலாம்?

ஒரு பக்கக் கடிதம் ஒன்றைக் கட்டளை வரியில் டெக்கின் மேல் கட்டப்பட்ட லேடெக் கொண்டு கோர்த்துப் பாருங்கள். மென்பொருள் முதலில் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லும். பிறகு தான் திறக்கும் ஒவ்வொரு கோப்பின் முழு முகவரியையும் அடைப்புக்குறிக்குள் ஒப்பிக்கும். இடையிடையே சில எச்சரிக்கைகள் வரும், சதுர அடைப்புக்குள் பக்க எண் வரும், எத்தனை பைட்டு எழுதினோம் என்ற கணக்கு வரும். கடிதம் பத்து வரி என்றால் அதைப் பற்றிய பேச்சு முப்பது வரி ஓடும். படம் வரையும் டிக்ஸ் பொதியையும் திரைக்காட்சிக்கான பீமரையும் சேர்த்துக்கொண்டால் திரை பலமுறை உருண்டு முடியும்.

இந்தப் பேச்சை அடக்க வழி கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக ஆளுக்கொரு விடையும் கிடைத்து வருகிறது. அந்த விடைகளை வரிசைப்படுத்தி, எது எதை அடக்குகிறது, எது எதைத் தொலைக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது?

ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கனூத் 1977ஆம் ஆண்டு டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளைத் தொடங்கினார். தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளின் அச்சுத்தரம் அவருக்குப் பிடிக்காமல் போனதே அதற்குத் தூண்டுதல். அந்நாளில் ஒரு பக்கத்தைக் கோர்க்கக் கணினிக்குச் சில விநாடிகள் பிடிக்கும். திரையில் தோன்றும் பக்க எண்தான், வேலை நடக்கிறது என்று காத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல்.

பிழை வந்தால் நிறுத்திக் கேள்வி கேட்பதற்கும் இதே காரணம்தான். கணினி நேரம் அரிதாக இருந்தபோது, முதலிலிருந்து மறுபடி ஓட்டுவதைவிட ஓட்டத்தின் நடுவிலேயே விடுபட்டதைத் தட்டிச் சேர்த்துத் தொடர்வது லாபம். அதனால்தான் டெக் ஒரு கேள்விக்குறியைக் காட்டிவிட்டு விடைக்காகக் காத்து நிற்கிறது.

அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் வேறொரு மரபு வளர்ந்திருந்தது. ஜோ ஒஸ்ஸானா 1973 வாக்கில் எழுதிய ட்ராஃப் என்ற அச்சுக்கோர்ப்புக் கருவி, வேலை ஒழுங்காக முடிந்தால் வாய் திறக்காது. ஒரு நிரலின் வெளியீடு இன்னொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும், ஆகவே அதில் வேண்டாத சொல்லைக் கலக்காதே என்பது அங்கே பிறந்த யூனிக்ஸ் இயங்குதளக்காரர்களின் கொள்கை. டக் மெக்கில்ராய் 1978இல் அதை எழுதியும் வைத்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நிறைகுடம் தளும்பாது. டெக் ஸ்டான்ஃபர்டின் வேறொரு இயங்குதளத்தில் பிறந்து, பிற்பாடு யூனிக்ஸ் வீட்டுக்குக் குடிவந்தது. பிறந்த வீட்டுப் பழக்கத்தை அது விடவில்லை.

விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனூத் 1990இல் டெக்கின் வளர்ச்சியை நிறுத்தினார். பிழை திருத்தம் தவிர வேறு மாற்றம் இல்லை என்று அறிவித்தார். டெக் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளும் எந்த நிரலும் ‘ட்ரிப்’ என்ற அவருடைய சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனை பக்கங்களோடு நிற்பதில்லை, நிரல் உமிழும் செய்திகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. செய்தியின் வாசகமே மென்பொருளின் அடையாளத்தில் ஒரு பகுதி ஆகிவிட்டது. ஆகவே பேச்சைக் குறைக்க விரும்பியவர்கள் உள்ளே கை வைக்காமல் சுற்றியுள்ள இடங்களில்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

பேச்சின் வகைகள்

‘தேவையற்ற செய்தி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் முதல் தவறு நேர்கிறது. டெக் குடும்பம் உமிழ்வதை ஐந்தாகப் பிரிக்கலாம்.

ஒன்று, வருகைப் பதிவு. பதிப்பு எண், கோப்புப் பெயர்கள், பக்க எண்கள் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டு, தரம் பற்றிய எச்சரிக்கை. வரி ஓரத்தைத் தாண்டிவிட்டது, சொற்களுக்கிடையே இடைவெளி அகன்றுவிட்டது, கேட்ட எழுத்துரு வடிவம் கிடைக்கவில்லை என்பவை.

மூன்று, இடைக்கால எச்சரிக்கை. முதல் ஓட்டத்தில் குறுக்குக் குறிப்புகளின் எண்கள் தெரியாது. ‘இந்தக் குறிப்பு வரையறுக்கப்படவில்லை’ என்று நூறு வரி வரும். இரண்டாம் ஓட்டத்தில் அவை தாமாக மறையும்.

நான்கு, பொதி எழுதியவர்களின் சொந்தப் பேச்சு. லேடெக்கில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘தகவல்’ என்று முத்திரை குத்தினால் ஓட்டத்தின் பதிவேடான லாக் கோப்புக்கு மட்டும் போகும், ‘எச்சரிக்கை’ திரைக்கும் போகும், ‘பிழை’ ஓட்டத்தையே நிறுத்தும். சிலர் இந்த ஒழுங்கைத் தாண்டி நேரடியாகத் திரையில் எழுதிவிடுகிறார்கள். எந்த முத்திரையும் இல்லாததால் அதை வகை பிரிப்பது கடினம்.

ஐந்து, பிழை.

ஐந்துக்கும் ஒரே மருந்து கிடையாது. முதல் வகையை மறைத்தால் நட்டமில்லை. மூன்றாம் வகையைக் கடைசி ஓட்டம்வரை மறைக்கலாம். இரண்டாம் வகையை மறைப்பதைவிடத் தீர்ப்பது நல்லது. ஐந்தாம் வகையை மறைப்பவர் தம் கண்ணைத் தாமே கட்டிக்கொள்கிறார்.

டெக்கின் நான்கு நிலைகள்

டெக்கிலேயே பேச்சைக் கட்டுப்படுத்தும் நான்கு நிலைகள் உள்ளன. வழக்கமானது எரர்ஸ்டாப்மோட். பிழை வந்தால் நிற்கும், கேட்கும். ஸ்க்ரோல்மோட், பிழைகளைச் சொல்லிக்கொண்டே ஓடும், ஒரு கோப்பு கிடைக்காவிட்டால் மட்டும் நின்று கேட்கும். நான்ஸ்டாப்மோட் எதற்கும் நிற்காது, ஆனால் எல்லாவற்றையும் திரையில் சொல்லும். பேட்ச்மோட் நிற்கவும் நிற்காது, பேசவும் பேசாது. நடந்தவை எல்லாம் லாக் கோப்பில் மட்டும் இருக்கும்.

இவற்றைக் கட்டளை வரியில் ‘இன்டராக்‌ஷன்’ என்ற விருப்பத்தின் மூலம் தேர்ந்தெடுக்கலாம். கேள்விக்குறியில் நிற்கும்போது க்யூ எழுத்தைத் தட்டினால் பேட்ச்மோட், ஆர் தட்டினால் நான்ஸ்டாப்மோட், எஸ் தட்டினால் ஸ்க்ரோல்மோட், எக்ஸ் தட்டினால் வெளியேற்றம்.

பேட்ச்மோடிலும் முழு அமைதி கிடைப்பதில்லை. கட்டளை வரியில் கேட்டாலும் பதிப்பு எண் தாங்கிய முதல் சில வரிகள் திரையில் வந்தே தீரும். அதையும் பொறுக்காதவர்கள் வெளியீட்டை டெவ் நல் என்ற குப்பைக்குழிக்குத் திருப்புகிறார்கள். இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி: யூனிக்ஸ் வழக்கப்படி எச்சரிக்கைகள், பிழைகளுக்கென்றே உள்ள தனி வெளியீட்டு வழியான பிழைத்தாரையில் வரும் என்று எண்ணி அதை மட்டும் குழிக்குத் திருப்புவார்கள். ஒன்றும் குறையாது. டெக் தன் பேச்சு முழுவதையும் வழக்கமான வெளியீட்டு வழியான பொதுத்தாரையில்தான் விடுகிறது.

இரண்டாம் பொறி: பொதுத்தாரையைத் திருப்பிவிட்டு, நிலையை மாற்ற மறப்பது. பிழை வந்ததும் டெக் கேள்வி கேட்கும். கேள்வி குப்பைக்குழிக்குள் விழும். டெக் விடைக்காகக் காத்திருக்கும், நாம் டெக்குக்காகக் காத்திருப்போம். கணினி உறைந்துவிட்டதாக நினைத்து மின்விசையை அணைப்பவர்களும் உண்டு. திரையை அடைக்கும் முன் நான்ஸ்டாப்மோடையோ பேட்ச்மோடையோ சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் பொறி: அமைதியை வெற்றி என்று எடுத்துக்கொள்வது. நிற்காத நிலைகளில் பிழைகளைத் தாண்டி டெக் ஒரு பிடிஎஃப் கோப்பைத் தந்துவிடக்கூடும். பிழை நடந்ததா என்று திரை சொல்லாது, ஓட்டம் முடியும்போது நிரல் திருப்பித் தரும் குறியீடு சொல்லும். பிழை இல்லையென்றால் 0, இருந்தால் 1. தானியங்கிக் கோப்பு எழுதுபவர் இந்த எண்ணைப் பார்க்காமல் பேட்ச்மோடைப் பயன்படுத்தினால், அது காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போன்றது. முதல் பிழையிலேயே நிற்கச் சொல்லும் ‘ஹால்ட் ஆன் எரர்’ விருப்பமும், பிழையோடு கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் தரும் ‘ஃபைல் லைன் எரர்’ விருப்பமும் இங்கே கைகொடுக்கும்.

காரணத்தைத் தீர்த்தால் செய்தி தானே நிற்கும்

எச்சரிக்கைகளில் அதிகம் வருவது ‘ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்’. இத்தனை புள்ளி அளவுக்கு வரி ஓரத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். எவ்வளவு தாண்டினால் புகார் சொல்வது என்பதை எச்ஃபஸ் என்ற அளவு தீர்மானிக்கிறது. வழக்கமான மதிப்பு 0.1 புள்ளி. ஓர் அங்குலத்தில் 72.27 புள்ளிகள் என்பதால் இது ஏறத்தாழ 0.035 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனில் பாதி. எந்த வாசகரின் கண்ணுக்கும் இது தெரியாது. எச்ஃபஸ் மதிப்பை அரைப் புள்ளிக்கோ ஒரு புள்ளிக்கோ உயர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத குற்றங்கள் பட்டியலிலிருந்து நீங்கும், தெரியும் குற்றங்கள் மிஞ்சும். இது நியாயமான குறைப்பு. அதே அளவை மலைபோல் உயர்த்தி எல்லா ஓவர்ஃபுல்லையும் விழுங்கச் செய்தால் ஓரத்தைத் தாண்டிய சொல் அப்படியே அச்சுக்குப் போகும்.

‘அண்டர்ஃபுல்’ எச்சரிக்கையை எச்பேட்னெஸ் என்ற அளவு ஆள்கிறது. அதன் வழக்கமான மதிப்பு 1000. 10000 என்று வைத்தால் எச்சரிக்கை முழுவதும் அடங்கும். ஆனால் இந்த எச்சரிக்கையின் மிகப் பொதுவான காரணம் எளியது: பத்தியை முடிக்கும் இடத்தில் இரட்டைப் பின்சாய்கோடு இட்டு வரியை உடைப்பது. அதை நீக்கி ஒரு வெற்று வரி விட்டால் செய்தியும் போகும், பக்கமும் சீராகும்.

வரி உடைப்பையே சீராக்கும் வழிகள் இன்னும் மேலானவை. டெக் 3ஆம் பதிப்பில் சேர்ந்த ‘எமர்ஜென்சி ஸ்ட்ரெச்’, வேறு வழி இல்லாத பத்திகளில் மட்டும் இடைவெளியைக் கூடுதலாக இழுக்க இடம் தரும். டெக்கின் வழித்தோன்றலாக ஹான் தே தான் உருவாக்கிய பிடிஎஃப்டெக், எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிக்கவும் ஓரத்தில் சற்றே நீட்டவும் கற்றது. மைக்ரோடைப் பொதி அந்த வசதியை ஒரே வரியில் நமக்குத் தருகிறது. பல ஆவணங்களில் இந்த ஒரு வரியே ஓவர்ஃபுல் பட்டியலைக் கணிசமாகச் சுருக்கிவிடும்.

தமிழில் கோர்ப்பவர்களுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். நம் சொற்கள் ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டு நீள்பவை. ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் அதை உடைக்க வழி தெரியாத மென்பொருள் ஓவர்ஃபுல் என்று கூவத்தான் செய்யும். டெக் தொகுப்புகளில் தமிழுக்கான சொல்லுடைப்பு விதிகள் இருக்கின்றன. பொலிகிளாசியா அல்லது பேபெல் பொதியில் ஆவணத்தின் மொழி தமிழ் என்று அறிவித்தால் அவை செயல்படும். அறிவிக்காமல் எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டு எச்சரிக்கையை அடக்குபவர், மொழி தெரியாதவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு அவர் புகாரையும் கேட்க மறுக்கிறார்.

திரையில் ஓவர்ஃபுல் வரிகளைப் படிக்க விரும்பாதவருக்கு இன்னொரு வழி, செய்தியைப் பக்கத்துக்கு மாற்றுவது. லேடெக்கில் ‘ட்ராஃப்ட்’ என்று ஆவண வகுப்புக்குச் சொன்னால் தாண்டிய வரி ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்புக் கட்டை ஒன்று விழும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் அது தானே படும்.

குறித்த ஒன்றை மட்டும் அடக்குவது

தீர்க்க முடியாத, தீர்க்கத் தேவையும் இல்லாத எச்சரிக்கைகள் உண்டு. இரண்டு பொதிகள் ஒன்றையொன்று குறை சொல்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகையவற்றுக்காகவே ‘சைலன்ஸ்’ என்ற பொதி இருக்கிறது. எந்தப் பொதியின் எச்சரிக்கை, அது எந்தச் சொற்களில் தொடங்குகிறது என்று இரண்டையும் குறிப்பிட்டால் அதை மட்டும் வடிகட்டும். ஆவண வகுப்பை அறிவிக்கும் முன்பே இதை ஏற்றிவிட வேண்டும், அதற்குள் வந்துவிட்ட செய்திகளை இது பிடிக்காது.

இதே பொதியில் எல்லா எச்சரிக்கைகளையும் ஒரே கட்டளையில் அணைக்கும் வசதியும் உண்டு. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வடிகட்டும் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் அடக்கினோம் என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பவர், ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறக்கும்போது தமக்கே நன்றி சொல்வார்.

வெளியே நின்று சலிப்பது

டெக்கைப் பேசவிட்டு, அந்தப் பேச்சை வெளியே ஒரு சல்லடை வைத்துச் சலிப்பது மூன்றாம் வழி. எளிய சல்லடை, வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப். அதை முயல்பவர் சந்திக்கும் முதல் தடை 79. டெக் தன் செய்திகளை 79 எழுத்துக்கு ஒருமுறை மடித்துவிடுகிறது, சொல்லின் நடுவே என்றும் பார்க்காது. நீண்ட கோப்புப் பெயர் இரண்டு வரியாகப் பிளந்துபோனால் கிரெப் அதைக் காணாது. ‘மேக்ஸ் பிரின்ட் லைன்’ என்ற அமைப்பைச் சூழல் மாறியாக 1000 போன்ற பெரிய எண்ணுக்கு உயர்த்திவிட்டு ஓட்டினால் இந்தச் சிக்கல் தீரும்.

இரண்டாம் தடை, எச்சரிக்கை எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்பது. டெக் அதைத் தனியே சொல்லாது. திறந்து மூடும் அடைப்புக்குறிகளை எண்ணித்தான் ஊகிக்க வேண்டும். கோப்புப் பெயரிலோ செய்தியிலோ ஓர் அடைப்புக்குறி தவறி வந்தால் கணக்கு முழுவதும் குலையும்.

இந்தத் தொல்லைகளை ஏற்கெனவே பட்டவர்கள் கருவிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கார்ல் பெரி எழுதிய டெக்ஸ்ஃபாட், டெக் கட்டளையைத் தன் கீழ் ஓட்டி, கவனிக்கத்தக்க வரிகளை மட்டும் திரைக்கு விடுகிறது. டெக் தரும் முடிவுக் குறியீட்டை மாற்றாமல் அப்படியே கடத்துவது அதன் நேர்மை. நெல்சன் லாகோ எழுதிய டெக்ஸ்லாக்சீவ், பெயருக்கேற்ப லாக்கைச் சலித்து, மடிந்த வரிகளை ஒட்டி, திரும்பத் திரும்ப வருபவற்றைத் தொகுத்துத் தருகிறது.

நாள்தோறும் வேலை செய்பவருக்கு மிகப் பயன்படுவது ஜான் காலின்ஸ் எழுதிய லேடெக்எம்கே. எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்று அதுவே முடிவு செய்கிறது. ‘சைலன்ட்’ விருப்பத்தோடு ஓட்டினால் டெக்கைப் பேட்ச்மோடில் வைத்து, முடிவில் கடைசி ஓட்டத்தின் குறைகளை மட்டும் சுருக்கிச் சொல்லும். மேலே சொன்ன மூன்றாம் வகை எச்சரிக்கை, அதாவது அடுத்த ஓட்டத்தில் மறையப்போவது, இதில் தானாக வடிந்துபோகிறது. உரைத்தொகுப்பி வழியே வேலை செய்பவர்களுக்கு இதற்கு ஒப்பான வசதி அங்கேயே கிடைக்கும். டெக்வொர்க்ஸ், பிழையில்லாமல் முடிந்தால் செய்திப் பலகையை மூடிக்கொள்ளும்.

நூற்பட்டியல், சொல்லடைவு போன்றவற்றுக்கான துணைக்கருவிகளின் பேச்சுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிப்டெக்குக்கு ‘டெர்ஸ்’, பைபருக்கு ‘குவைட்’, மேக்இன்டெக்ஸ், டிவிபிஎஸ் இரண்டுக்கும் க்யூ என்ற ஓரெழுத்து விருப்பம். இவை போதும்.

புதிய தலைமுறையின் அமைதி

டெக்கின் மற்றொரு வழித்தோன்றலான சீடெக்கை அடிப்படையாகக் கொண்டு ரஸ்ட் மொழியில் கட்டப்பட்ட டெக்டானிக், தொடக்கத்திலிருந்தே அடக்கமாகப் பேசுவது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சில வரிகள் சொல்லும். உள்ளே எச்சரிக்கைகள் எழுந்தால், எழுந்தன என்று சொல்லிவிட்டு விவரம் வேண்டுமானால் தனி விருப்பத்தோடு மறுபடி ஓட்டச் சொல்லும். ஆனால் கேட்காவிட்டால் லாக் கோப்பையும் அது விட்டுவைப்பதில்லை. பழைய டெக் திரையில் எவ்வளவு இரைந்தாலும் சாட்சியத்தை வட்டில் வைத்துவிட்டுப் போகும், இங்கே அந்தச் சாட்சியம் கேட்டால்தான் கிடைக்கும்.

2023இல் திறமூலமாக வெளிவந்த டைப்ஸ்ட், டெக் மரபிலிருந்து விலகி முதலிலிருந்து எழுதப்பட்டது. பிழை இருந்தால் அந்த வரியையே எடுத்துக்காட்டி அடியில் குறியிட்டுச் சொல்லும், இல்லையென்றால் பேசாமல் கோப்பைத் தரும். ட்ராஃப் வீட்டின் பழக்கம் அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

அடக்கக் கூடாத ஒரு செய்தி

இதுவரை பார்த்த வழிகள் எல்லாவற்றையும் உரசிப் பார்க்க ஒரே ஒரு செய்தி போதும். ‘மிஸ்ஸிங் கேரக்டர்’: இந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை.

பிடிஎஃப்டெக் வழியாகத் தமிழ் எழுத்தை நேரடியாகக் கொடுத்தால் லேடெக் பிழை என்று சொல்லி நிற்கும். சீடெக்கும் லுவாடெக்கும் யூனிகோடு அறிந்தவை, ஆகவே நிற்பதில்லை. எழுத்துரு சொல்லாவிட்டால் அவற்றில் வழக்கமாக வருவது லத்தீன் மாடர்ன், அதில் தமிழ் இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமோ வெறுங்கட்டமோ மிஞ்சும். டெக் இதைப் பிழையாகக் கருதாததால் முடிவுக் குறியீடு 0 என்றே வரும். பழைய வழக்கப்படி இந்தச் செய்தி திரைக்கே வராது, லாக்கின் நடுவே ஒரு வரியாகக் கிடக்கும்.

முழுப் பக்கமும் காலியாக வந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். ஆபத்து ஓரிரு எழுத்துகள் போவதில்தான். ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005இல். அதற்கு முன் செய்த எழுத்துரு சிலவற்றில் அது இல்லை. முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடுக்குள் வந்தன. அவற்றைத் தாங்கிய எழுத்துருக்கள் இன்றும் குறைவு. பழைய கணக்குச் சுவடி ஒன்றைப் பதிப்பிப்பவர் பேட்ச்மோடில் ஓட்டி, 0 என்ற குறியீட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்தால், சுவடியின் உயிரான குறிகளே இல்லாத புத்தகம் அச்சாகும்.

இதற்கு மருந்து ‘ட்ரேஸிங் லாஸ்ட் கேரக்டர்ஸ்’ என்ற அளவு. 2 என்று வைத்தால் செய்தி லாக்கோடு திரைக்கும் வரும். 2021ஆம் ஆண்டு டெக் லைவ் தொகுப்பு முதல், 3 என்று வைத்தால் பிழையாகவே எழுந்து நிற்கும். பேச்சைக் குறைக்கும் முயற்சியில் இறங்குபவர் முதலில் செய்ய வேண்டியது இந்த ஒரு குரலை உயர்த்துவதுதான்.

முடிவாக

வழிகள் மூன்றையும் சீர்தூக்கினால் வரிசை தெளிவாகத் தெரிகிறது. காரணத்தைத் தீர்ப்பது முதல் இடம் பெறும், ஏனென்றால் அதில் செய்தியோடு குற்றமும் போகிறது. வெளியே சலிப்பது இரண்டாம் இடம், அதில் லாக் முழுதாக மிஞ்சுகிறது, சல்லடையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆவணத்துக்குள்ளேயே வாயடைப்பது கடைசி இடம், அதுவும் பெயர் சொல்லி ஒன்றிரண்டை மட்டும். பொதுத்தாரையைக் குப்பைக்குழிக்குத் திருப்புவது, முடிவுக் குறியீட்டைப் பார்க்கும் தானியங்கிகளுக்கு மட்டும் பொருந்தும்.

புலி வருது கதையில் ஊரார் வராமல் போனதற்குச் சிறுவன் முன்பு போட்ட பொய்க் கூச்சல் காரணம். டெக்கின் இரைச்சலைக் குறைக்க நமக்கு இருக்கும் நியாயமும் அதுவே: நாளைக்கு உண்மையாக வரும் எச்சரிக்கை நம் காதில் விழ வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் நாள்களில் லேடெக்எம்கேயின் அமைதியில் வேலை செய்யுங்கள். அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும் நாளில் மட்டும் சல்லடைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எச்ஃபஸை 0.1க்கே இறக்கி, ஒருமுறை ஓட்டி, லாக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள்.